டேப்பட் இல்லை மாப்ள

பரீட்சை முடிந்தாயிற்று. பழைய வேன் ஒன்றோடு மல்லுக்கட்டிய கதையை எழுதுகிறேன் என்று வகுப்பில் பலரிடம் சொல்லி வைத்திருந்தேன், இதோ. இன்ஜின் பக்கமே போகாதவர்கள் தலைவலி வரும் இடத்தையாவது படித்துவிடுங்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தில், ஷெஃபீல்டில். என்னோடு தங்கியிருக்கும் உள்ளூர்ப் பையனின் அப்பாவிடம் 1978ஆம் வருடத்து ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் ஒன்று இருக்கிறது. உள்ளேயே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உண்டு. இன்ஜின் பின்னால், 1584 சிசி, 50 குதிரைத்திறன். ரேடியேட்டர் கிடையாது, காற்றில்தான் குளிர்கிறது. ஏற்றத்தில் போனால் பின்னால் வருகிறவர்கள் நம் பரம்பரையையே திட்டுவார்கள். "நீ மெக்கானிக்கல்தானே, சத்தம் என்னவென்று பாரேன்" என்று சாவியைக் கொடுத்தார் அப்பா. மெக்கானிக்கல் படிப்பவனிடம் இப்படிக் கேட்கவே கூடாது :-)

கேம்பரில் சத்தம் தேடுவதில் முதல் தொல்லை, அது பாதி வண்டி, பாதி சமையலறை. தட்டு, கரண்டி, அடுப்புக் கம்பி, கூரையைப் பிடித்திருக்கும் கொக்கி எல்லாமே ஆடும். ஆகவே அலமாரியைக் காலி செய்துவிட்டு, வண்டியை நிறுத்தி, இன்ஜினை மட்டும் ஓடவிட்டுக் கேட்டோம். நின்றபடி கேட்டால் அது இன்ஜின் பக்கத்துச் சத்தம். ஓடும்போது மட்டும் கேட்டால் பெரும்பாலும் சமையலறை, இல்லையென்றால் சஸ்பென்ஷன். சைலன்சர் ஆறியபின் கையால் குத்திப் பார்க்க வேண்டும். டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல் கேட்டால் உள்ளே தகடு துருப்பிடித்து விட்டுப் போயிருக்கிறது. எங்களுடையது அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் 'கர்ர்ர்' என்று அதிர்ந்தது, ஹீட்டரைத் திறந்து மூடும் சின்ன நெம்புகோல். ஸ்பிரிங் போயிருந்தது. கம்பியால் கட்டினேன், பத்து நிமிடம். தலைக்கனம் ஏறிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரு 'டிக் டிக் டிக்'. காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது பலமாகக் கேட்கும், சூடானதும் குறையும். வால்வு டேப்பட் என்று உடனே தீர்ப்பு சொன்னேன். மழையில் வண்டிக்கு அடியில் படுத்து, எட்டு வால்வுக்கும் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து முடித்தேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் அதே டிக் டிக்.

போகட்டும், பழைய வண்டி அப்படித்தான் என்று மூன்று பேரும் அந்த வார இறுதியில் கிளம்பிவிட்டோம். ஷெஃபீல்டிலிருந்து கிளாசப் போகும் ஸ்னேக் பாஸ் மலைப்பாதை, உச்சி சுமார் 510 மீட்டர். அக்டோபர் குளிர், கண்ணாடியெல்லாம் மூடி, ஹீட்டர் முழுசாகத் திறந்து. ஏற்றத்தில் செகண்ட் கியர் போட்டதும் டிக் டிக் போய் 'டப் டப் டப்' ஆனது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் 'படார்'. கிளாசப் போவதற்குள் எனக்குத் தலை வெடித்தது. மற்ற இருவரும் கொட்டாவி மேல் கொட்டாவி. வளைவுகள்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டோம். வெளியே நின்று டீ குடித்து ஒரு மணி நேரத்தில் சரியானது. திரும்பி வரும்போது மறுபடி அதே தலைவலி.

அன்று ராத்திரி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து நாமக்கல்லில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். முப்பது வருடமாக லாரி பட்டறையில் இருப்பவர். உடனே கூப்பிட்டார்.

"டேப்பட் இல்ல மாப்ள. ஏத்தத்துல கூடுதா?"

"ஆமாங்க மாமா, ரொம்பக் கூடுது."

"டேப்பட்டு வேகத்துக்குத்தான் கூடும். லோடுக்குக் கூடுனா பொகை லீக்கு. கரி எங்க படிஞ்சிருக்குன்னு பாரு. ஆமா, அந்த ஹீட்டரு எங்கிருந்து சூடு எடுக்குது?"

"சைலன்சருக்குப் போற பைப்பைச் சுத்தி ஒரு பெட்டி இருக்குங்க மாமா. இன்ஜின் ஃபேன் காத்தை அது வழியா உள்ள தள்ளும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"தலை வலிச்சுதாடா?"

நான் இன்னும் அதைச் சொல்லவே இல்லை.

"இனி அந்த வண்டிய எடுக்காத. அவங்க அப்பாகிட்ட இப்பவே சொல்லு."

யோசித்தால் எல்லாம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. ஏற்றத்தில் புகையின் அழுத்தம் கூடும், ஓட்டை சத்தம் போடும். சூடானால் இரும்பு விரிந்து சந்து அடைபடும், சத்தம் குறையும். இறக்கத்தில் அதே ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோல் குழாய்க்குள் வெடிக்கும், அதுதான் படார். கேடலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத இந்தக் கால இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு சில சதவீதம் வரை இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்தால் தலைவலி போகிறது, வண்டிக்குள் ஏறினால் வருகிறது. இதைப் போய் வளைவு என்று சொன்ன மூன்று பேரில் ஒருவன் இன்ஜினியரிங் மாணவன்.

மறுநாள் வேக்குவம் கிளீனரை ஊதும் பக்கமாகத் திருப்பி, சைலன்சர் வாலில் துணி சுற்றிச் செருகினோம். இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால், ஒரு சிலிண்டரின் ஃபிளாஞ்சில் கொத்தாக நுரை. பேக்கிங் எரிந்து, சுற்றிலும் கரி. டிக் டிக் கிடைத்துவிட்டது. ஆனால் எனக்கு வேண்டியது அது மட்டும் இல்லை. அந்தப் பெட்டியிலிருந்து வண்டிக்குள் போகும் குழாயைக் கழற்றி, வாயில் ஒரு டிஷ்யூ துண்டைத் தொங்கவிட்டேன். (ஊதுவத்தி கொளுத்திப் பார்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தில் பெட்ரோல் பைப். கும்பிட்டு வைத்துவிட்டேன்.) வேக்குவத்தைப் போட்டதும் டிஷ்யூ ஆடியது. அணைத்தால் நின்றது. சைலன்சர் வாலில் ஊதிய காற்று, வர வழியே இல்லாத குழாயில் வருகிறது. உள்குழாய் துருவில் ஓட்டை. பையனுடைய அப்பா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கோடையில் அவர் பேத்தி அந்த வேனில்தான் தூங்கிக்கொண்டே பயணம் செய்வாளாம்.

இங்கே வண்டிகளுக்கு வருடா வருடம் எம்.ஓ.டி. சோதனை உண்டு, நம் ஊர் எஃப்.சி. மாதிரி. ஆனால் 2018 மே மாதத்திலிருந்து, பெரிதாக மாற்றியமைக்கப்படாத 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு அது கட்டாயமில்லை. வயசாக வயசாகத்தான் டாக்டர் தேவை என்று நான் நினைக்கிறேன், சட்டம் வேறு மாதிரி நினைக்கிறது. ஐந்து வருடமாக அதை யாரும் அடியில் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு பக்கப் பெட்டிகளையும் புதிதாக வாங்கினார். துருப்பிடித்த நட்டுகளில் மூன்று நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் ஒரு ஸ்டட் முறிந்தது, அதை ஒரு பட்டறையில் கொடுத்து எடுத்தோம். இன்ஜின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையும் பொடிப்பொடியாக உதிர்ந்தது, மாற்றினோம். அது இல்லையென்றால் கீழே கசியும் புகையை ஃபேனே இழுத்து ஹீட்டருக்குக் கொடுத்துவிடும். கேம்பர்களுக்கென்றே இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் படுக்கைப் பக்கம் ஏறியது. வாங்குகிறவர்கள் பெட்டியில் இ.என். 50291-2 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், வீட்டுக்கான அலாரத்தின் எண் வேறு.

மார்ச்சில் மறுபடி ஸ்னேக் பாஸ். கண்ணாடி மூடி, ஹீட்டர் முழுசாகத் திறந்து. அலாரத்தில் சுழியம். கிளாசப்பில் டீ குடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் எங்கோ 'கிணுங் கிணுங்' என்று புதிதாக ஒன்று மட்டும் கேட்டது. மூன்று வாரம் தேடியும் கிடைக்கவில்லை. மாமாவிடம் சொன்னேன்.

"ஏத்தத்துல கூடுதா?"

"இல்லீங்க மாமா."

"அப்ப கரண்டியா இருக்கும். விடு."