ஒரே பெயர், ரெண்டு கார்டு!

அச்சன்புதூரில் கேம் விளையாட ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றால் தென்காசி, அங்கே இல்லையென்றால் திருநெல்வேலி. ஒரு கார்டுக்காக சென்னை ரிச்சி தெருவுக்கு பஸ் ஏற எல்லா வீட்டிலும் விடமாட்டார்கள். அதனால் பெட்டியில் உள்ள பெயரை நம்பி ஆன்லைனில் வாங்குகிறார்கள். வீட்டில் காசு தருவதோ ஒரு தடவைதான்.

அந்தப் பெயர்தான் வினையே! என்விடியாவின் ஜிடி 1030, 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018-ல் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு இன்னொன்றை விட்டார்கள். வேகம் 16.8 ஜிபி, மூன்றில் ஒரு பங்கு சொச்சம். ரெண்டிலும் 2 ஜிபி என்றுதான் போட்டிருக்கும். பல கேம்களில் பாதி வேகம்கூடத் தேறாது.

2022-ல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 வேறு ரகம். 53 வாட்தான், தனி பவர் கேபிள் கேட்காது. செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரின் சின்ன எஸ்எம்பிஎஸ்ஸே போதும். ஆனால் அதற்கு நாலே பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன். 3.0 மதர்போர்டில் செருகினால் டேட்டா போகும் வழி பாதியாகி, சில கேம்கள் திக்கித் திக்கி ஓடும். (கடைக்காரர் இதையெல்லாம் சொல்வாரா என்ன?)

பழைய போர்டுக்கு 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 தேவலை: 16 லேன், 75 வாட். அதிலும் தனி கேபிள் கேட்காத மாடலாகப் பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் எடுப்பவர், ஒரு கனமான கேமை அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, ஃபேன் சத்தத்தையும் கேட்டுவிட்டு காசை நீட்டலாம்.