எட்டு பைட்டும் எங்கப்பாவும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆணி அதிகம் என்று வழக்கம்போல அளந்துவிடலாம்தான். ஆனால் ரொம்ப நாளாகவே சொல்ல நினைத்த ஒரு கதை இருக்கிறது. நடுவில் கொஞ்சம் பொட்டி தட்டுகிறவன் சமாச்சாரம் வரும். கணக்கு வாத்தியாருக்குப் பயந்தவர்களும் தைரியமாகப் படிக்கலாம், வெறும் கூட்டல் கழித்தல்தான் :-)

2023-ல் அப்பாவுக்கு மதுரையில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் ரெண்டு மாசமாக மாடி ஏறும்போதெல்லாம் நெஞ்சைப் பிசைந்திருக்கிறது. மனுஷன் மூச்சு விடவில்லை. சென்னையிலிருந்து தினமும் ராத்திரி போன் பண்ணுவேன். "நல்லாருக்கேன்ப்பா, நீ சாப்ட்டியா?" அவ்வளவுதான் பேச்சு. அம்மாவுக்கே தெரியாது.

டிஸ்சார்ஜ் ஆனதும் மேனேஜரிடம் கெஞ்சி, மூணு மாசம் வீட்டிலிருந்தே வேலை என்று வாங்கிக்கொண்டு விருதுநகர் வந்து சேர்ந்தேன். வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் கனெக்‌ஷன் உண்டு. அவர்கள் கொடுத்த பெட்டியின் வைஃபை அப்பா படுத்திருக்கும் அறைக்கு எட்டவில்லை. அதனால் நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கினேன். பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டு, யூசர்நேம் பாஸ்வேர்டை எல்லாம் என் ரவுட்டரிலேயே கொடுத்தேன். யூடியூப் பறந்தது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஆரம்பித்தது ஏழரை. ஆபீஸ் விபிஎன் கனெக்ட் ஆகும். சர்வருக்குள் நுழைய முடியும், கோடைப் படிக்க முடியும். ஆனால் எழுதின கோடை அனுப்பினால் போகாது. எர்ரர் வந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் வராது. சும்மா நிற்கும். ரெண்டு வரி மெயில் போகும், அட்டாச்மெண்ட் வைத்தால் போகாது. அம்மா வாட்ஸப்பில் அத்தைக்கு "குட்மார்னிங்" அனுப்பினால் போய்விடும், அப்பாவின் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிட்டேன். வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினார். டவுன்லோட் 98. அப்லோட் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. "சர்வர் பிஸி தம்பி" என்று வண்டியை எடுத்துவிட்டார்.

மேனேஜர் கேட்டதுதான் சுருக்கென்றது. "வீடியோ கால்ல கண்ணாடி மாதிரி தெரியிற. நெட் சரியில்லன்னு சொன்னா எப்படிப்பா நம்புறது?" நியாயமான கேள்விதான். எனக்கே பதில் தெரியவில்லை. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் எல்லாம் ஒழுங்காகப் போகும். ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் என்பது மொட்டை மாடியில்தான். அப்பாவைக் கீழே விட்டுவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணித் தொட்டி நிழலில் உட்கார்ந்து கோடு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "சரி பண்ண முடியலன்னா திங்கக்கிழமை ஆபீஸ் வந்துடு."

வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி ஒரு மணி இருக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவால் நீட்டிப் படுக்க முடியாது, ஹாலில் சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். நான் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்னய்யா பண்ற இந்நேரத்துல?" என்றார்.

"பாக்கெட் போக மாட்டேங்குதுப்பா. சின்னது போகுது, பெருசு போகல."

அப்பா மதுரை ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் தபால் பிரித்தவர். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பெருசுன்னா பிரிச்சு அனுப்ப வேண்டியதுதானே?"

"பிரிக்காதேன்னு முத்திரை குத்தித்தான் அனுப்புறோம். இப்ப எல்லா கம்ப்யூட்டரும் பெரும்பாலும் அப்படித்தான்."

"அப்ப அனுப்பினவனுக்கே சொல்லணும்ல, இது தாங்காது, இந்த அளவுக்கு அனுப்புன்னு. ஒரு சீட்டு ஒட்டித் திருப்பணும். ரெண்டும் இல்லாமத் தூக்கிப் போட்டா, போய்ச் சேந்துருச்சுன்னுல்ல நினைச்சிட்டு இருப்பான்?"

மக்களே, பாத் எம்டியூ டிஸ்கவரி என்று 1990-ல் ஆர்எஃப்சி 1191 எழுதி வைத்திருப்பது இதைத்தான். வழியில் ஒரு ரவுட்டருக்குப் பாக்கெட் பெரிசாகத் தெரிந்தால் ஐசிஎம்பி என்ற சீட்டை எழுதித் திருப்பி அனுப்பும். அனுப்புகிறவன் அளவைக் குறைத்துக்கொள்வான். நாலு வருஷம் இஞ்சினியரிங் படித்து, பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் பண்ணினதை எங்கப்பா அரைத் தூக்கத்தில் சொல்கிறார்.

பிங் கமாண்டை எடுத்தேன். துண்டாக்காதே என்ற கொடியோடு 1472 பைட் அனுப்பினேன். தலைப்பு 28 பைட் சேர்த்தால் 1500, அது ஈத்தர்நெட்டின் வழக்கமான வரம்பு. பதில் இல்லை. 1400 போட்டேன், பதில் வந்தது. 1450 வந்தது. 1464 வந்தது. 1465, கப்சிப்.

1464-ஓடு 28. 1492!

யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்துக் கனெக்ட் ஆகும் முறைக்குப் பிபிபிஓஈ என்று பெயர். அது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தன் பங்குக்கு எட்டு பைட் உறை போடும். 1500 மட்டுமே கொள்ளும் பையில் எட்டு போனால் மிச்சம் 1492. அதற்கு மேல் ஒரு பைட் வந்தாலும் போகாது. வருகிறதெல்லாம் ஒழுங்காக வந்ததற்குக் காரணம், மறுமுனைக்கு அந்த அளவு தெரியும். வீடியோ கால் பளிச்சென்று போனதற்குக் காரணம், அதன் பாக்கெட்டுகள் பொதுவாக 1200 பைட் பக்கம்தான். மேனேஜரும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, ரவுட்டருக்கு இது தெரியாதா? உள்ளே போய்ப் பார்த்தேன். வான் செட்டிங்கில் எம்டியூ: 1500.

அப்போதுதான் உறைத்தது. வாங்கின அன்றைக்கு அங்கே 1492 என்றுதான் இருந்தது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "பெருசா வச்சா வேகமாப் போகும்ல" என்று 1500 ஆக்கின மகானுபாவன் நானேதான். ரவுட்டர் நான் சொன்னதை நம்பிப் பெரிய பாக்கெட்டை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறது. அடுத்து இருப்பது பிரிட்ஜ் மோடு பெட்டி. அதற்கு வாய் கிடையாது, சீட்டு எழுதத் தெரியாது. கொள்ளாததைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ஒரு வாரமாகக் கேபிள்காரரையும் ஆபீஸையும் திட்டித் தீர்த்தவன் முகத்தில் அசடு எப்படி வழிந்திருக்கும் என்று உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

1492 ஆக மாற்றி சேவ் பண்ணினேன். மறுபடியும் 1472 பிங். இந்த முறை ரவுட்டரே பதில் சொன்னது: துண்டாக்க வேண்டியிருக்கிறது, அளவு 1492. கோடை அனுப்பினேன். மூணு செகண்ட்.

"சீட்டு வந்துருச்சுப்பா!" என்று கத்திவிட்டேன். அம்மா பதறி எழுந்து வந்தார்.

"இதுக்கா ஒரு வாரமா மொட்டை மாடிக்கும் வீட்டுக்கும் அலைஞ்ச?" என்றார் அப்பா. சந்தோஷத்தில் வாய் தவறி, திங்கக்கிழமை சென்னைக்குக் கிளம்ப வேண்டியிருந்ததையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை அவர்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க மட்டும் ரெண்டு மாசம் சொன்னீங்களாப்பா?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான், "ரெண்டும் ஒரே அச்சு. போய்ப் படுங்க" என்று லைட்டை அணைத்தார்.

மூணு மாசம் முழுசாக வீட்டில் இருந்தேன். காலையில் அப்பாவோடு தெருமுனை வரைக்கும், அப்புறம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். சென்னை திரும்பி ஒரு வாரம் கழித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு அவரே போன் பண்ணினார். வழக்கமாக நான்தான் பண்ணுவேன்.

"இன்னிக்குப் படியேறும்போது லேசா மூச்சு வாங்குச்சு. நாளைக்கு டாக்டரைப் பாக்கலாம்னு இருக்கேன். சும்மா உன் காதுல போட்டு வச்சேன்."

மறுநாள் டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு மாத்திரையை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

பி.கு: உங்கள் வீட்டிலும் சின்னது போய்ப் பெருசு போகாமல் நின்றால், முதலில் இந்த பிங் சோதனையைச் செய்து பாருங்கள். கடைசியாகப் பதில் வந்த எண்ணோடு 28-ஐக் கூட்டினால் உங்கள் எம்டியூ. 1500 எல்லா இடத்திலும் தப்பு என்றும் இல்லை. பிபிபிஓஈ-யிலேயே 1500 போக வழி செய்து 2006-ல் ஆர்எஃப்சி 4638 வந்தது. ஆனால் ரெண்டு முனையும், நடுவில் இருக்கும் பெட்டியும் ஒத்துக்கொள்ள வேண்டும். என்னை மாதிரி ஒரு பக்கம் மட்டும் முடிவு பண்ணினால் மொட்டை மாடிதான்.