சிவப்பு மையில் போட்ட சரி

பி.எட். படித்தபோது, பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெயில் எனக்கு வெறும் மதிப்பெண் சமாசாரம். உள்ளடக்கிய கல்வித் தாளுக்காக ஒரு சார்ட் செய்தேன்: உயிரும் மெய்யும் புள்ளி புள்ளியாக, ஸ்கெட்ச் பேனாவில். தடவினால் ஒரு புள்ளிகூட விரலில் தட்டாத பிரெயில் சார்ட்! பாராட்டும் கிடைத்தது.

அது அறியாமை. அடுத்துச் செய்தது அப்படியல்ல.

கற்பித்தல் பயிற்சிக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கு பஸ்ஸில் போய்வந்தேன். எட்டாம் வகுப்பில் பார்வையில்லாத ஒரு மாணவி. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள். பிரெயில் சிலேட்டில் தாளை வைத்து வலமிருந்து இடமாக ஊசியால் குத்திக்கொண்டே போவாள்; தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். தமிழ்க் கட்டுரையை அப்படி எழுதி நீட்டினாள். வாங்கிப் பார்த்து, சிவப்பு மையில் சரி போட்டு, "நல்லா எழுதியிருக்கம்மா" என்றேன். "சந்திப்பிழை இருக்கா சார்?" என்றாள். "இல்லை" என்றேன். ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியாது.

கேட்டால் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன். பிரெயில் படிப்பது சிறப்புப் பயிற்றுநர் வேலை. இப்போதுதான் போனே எல்லாம் படித்துச் சொல்கிறதே. தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவன் பேசுகிற பேச்சா இது? றகர ரகரமும் னகர ணகரமும் நம் ஊர்ப் பேச்சில் காதுக்கு எங்கே பிரிகின்றன? கேட்டே படிக்கும் பிள்ளைக்கு எழுத்துப்பிழை தெரிய வழியில்லை. அவளுக்கு எழுத்தைக் காட்டுவது அந்தப் புள்ளிகள்தான்.

கஷ்டம் என்றும் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். மொத்தமே ஆறு புள்ளி, 63 சேர்க்கை. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951 முதல் இருக்கிறது. அச்சில் 'கொ' எழுத ககரத்துக்கு முன்னே கொம்பு, பின்னே கால். பிரெயிலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். பார்வையுள்ள ஆசிரியர் விரலால் படிக்கவேண்டும் என்பதுகூட இல்லை, கண்ணாலேயே படிக்கலாம். நான் பின்னால் கற்றதும் அப்படித்தான். பிரெயில் தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு வைக்கச் சொல்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

இந்த வருஷம் பி.எட். சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, ஒரு சிலேட்டும் ஊசியும் வாங்குங்கள். பயிற்சிக்குப் போகும் முன் ஒரு பக்கமாவது எழுதி, பிரெயில் தெரிந்த ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள்.