மணிச் சத்தம்

ஒசாக்காவில் படிக்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று வருஷமாகத் தனியே இருக்கிறான். தொழுகிறானா, எதைச் சாப்பிடுகிறான் என்ற விசாரம் விமானத்திலும் என்னோடு வந்தது.

சீஸ் கேக் வாங்கித் தருவதாக நம்பாவுக்குக் கூட்டிப்போனான். ‘ரிக்குரோ ஒஜிசான்’ கடை வாசலில் வரிசை. ஒஜிசான் என்றால் மாமா. கேக் வெந்து வந்ததும் மணி அடிக்கிறார்கள். காய்ச்சிய இரும்பால் அந்த மாமாவின் சிரித்த முகத்தை அதில் பதிக்கிறார்கள். அசைத்தால் கேக் நடுங்குகிறது. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் சேர்ப்பதால் வரும் மென்மை. பெருநாளைக்கு நான் அவிக்கும் வட்டிலப்பம் ஞாபகம் வந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

“மகன், இதில ஜெலற்றின்...?”

சிரித்தான். “உம்மா, நான் இஞ்ச முதல்ல வாசிக்கப் பழகின சொல்லே ‘ஸெராச்சின்’தான். குளிரவெச்சு இறுக்குற கேக்குலதான் அத அநேகமாப் போடுவாங்க. அதுக்கு ‘ரேர்’ எண்டு பேர். வேகவெச்சதுக்கு அது தேவயில்ல. எண்டாலும் ரம் இருக்கா, சீஸ் எதால உறஞ்சது எண்டு எந்தக் கடையிலயும் கேட்டுத்தான் வாங்குவன்.”

சீஸ் டார்ட்டுக்கு, 2011இல் இதே நகரில் தொடங்கிய பாப்லோ இருக்கிறதாம். அங்கும் கேட்டுவிட்டுத்தான் வாங்குவோம் என்றான்.

அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். கேக்கின் அடியில் முந்திரிகை வற்றல் ஒளிந்திருந்தது. பிஸ்மி சொல்லி முதல் துண்டை எனக்கு ஊட்டினான்.

கேட்பதற்கென்று ஊரிலிருந்து சுமந்துவந்த கேள்விகளை நான் பிறகு கேட்கவேயில்லை.