வழங்கப்படலாம்
2016 ஜூனில், பெங்களூரில் நான் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தைவிட்டு வெளியேறினேன். பதினெட்டு நிறைந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. அறுபது பேருக்கு அண்டாவில் பொங்கிய சோற்றை உண்டு வளர்ந்தவளுக்கு, ஒருத்திக்கு எவ்வளவு அரிசி களைவது என்று தெரியவில்லை. முதல் வாரம் முழுவதும் பழைய சோறுதான். (இன்றும் அளவு பிடிபடவில்லை என்று அறைத்தோழி சிரிப்பாள்.)

அறை தேடியது அதனினும் கடினம். “சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்?” என்ற இரண்டு கேள்விகளில் நான்கு வீடுகளின் கதவுகள் மூடின.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 2016 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 46ஆம் பிரிவு என்னைப் போன்றோருக்கானது என்பதை, ஹைதராபாத்தில் முனைவர்பட்ட ஆய்வுக்காக ஆங்கிலச் சட்ட வாக்கியங்களைத் தமிழாக்கிப் பார்த்தபோதுதான் அறிந்தேன். பதினெட்டு நிறைந்து வெளியேறுவோருக்கு நிதியுதவி ‘வழங்கப்படலாம்’ என்கிறது அது. ‘-லாம்’ அனுமதியைச் சுட்டும், சாத்தியத்தைச் சுட்டும், கடமையைச் சுட்டாது. செயப்பாட்டுவினை வேறு: வழங்க வேண்டியவர் யாரென்று வாக்கியத்தில் இல்லை. ஆய்வேட்டில் அதை எடுத்துக்காட்டாகச் சேர்த்தேன். ஏன் இந்த வாக்கியம் என்று நெறியாளர் கேட்டார். நல்ல தரவு என்று மட்டும் சொன்னேன்.

சென்ற மாதம் அதே இல்லத்திலிருந்து ஒரு தங்கை வெளியே வந்தாள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு மனு எழுதச் சொன்னேன். “வழங்கலாம்னு எழுதட்டுமா அக்கா?” என்று கேட்டாள். ‘வழங்க வேண்டும்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. 21 நிறையும்வரைதான் அவளுக்குக் காலம்.