பென்சில் யார் கையில்?

டப்ளினில் அக்கா மகள் வீட்டு அலமாரியில் ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. பின்னட்டையில், எழுத்தாளர் படம் போடுகிற இடத்தில், அவளுடைய பத்து வயது மகளின் புகைப்படம். உள்ளே முதல் சில பக்கங்கள் அச்சு. அதற்குப் பிறகு பென்சில் எழுத்து, வரிகள் மேலும் கீழுமாக ஓடுகின்றன.

"அச்சுல இருக்கிறது எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் ஒண்ணுதான் தாத்தா. பென்சில்ல இருக்கிறது என்னோடது மட்டும்" என்றாள் பேத்தி. பள்ளியிலிருந்து ஒருநாள் ஒரு எழுத்து மையத்துக்கு அழைத்துப் போனார்களாம். இரண்டு மணி நேரம். காசு கிடையாது. திரும்பும்போது ஆளுக்கொரு புத்தகம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவன் நான். ஆண்டுமலர் என்ற பெயரில் வருகிற குழந்தைகளின் கதைகளில் பாதி யார் எழுதியவை என்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மணி நேரத்தில் ஒரு வகுப்பே புத்தகம் போடுகிறது என்றால் பெரியவர்கள் எங்கேயோ கைவைத்திருக்க வேண்டும். எங்கே என்று பார்த்துவிட நினைத்தேன். அக்கா மகள் மின்னஞ்சல் அனுப்பி அனுமதி வாங்கினாள். படம் எடுக்கக் கூடாது, குழந்தைகளின் பெயரைக் குறிக்கக் கூடாது, பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றும் நியாயமான நிபந்தனைகள்தான்.

அக்டோபர் மாதத்துக் காலை. புறநகரான பிளான்சர்ட்ஸ்டவுனில் பஸ் ஏறினேன். லீப் கார்டு என்கிற பயண அட்டையைத் தட்டினால் 2 யூரோ; 90 நிமிடத்துக்குள் வேறு பஸ் மாறினாலும் அதே காசுதான். லிஃபி ஆற்றங்கரையில் இறங்கி, ஓ'கானல் தெரு வழியாக வடக்கே நடந்தேன். தெரு நடுவில் 120 மீட்டர் உயர எஃகு ஊசி ஒன்று வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. பார்னெல் சதுக்கம் தாண்டி டார்செட் தெருவுக்கு வந்ததும் ஊரின் முகம் மாறிவிடுகிறது. பழைய செங்கல் வீடுகள், சலூன், மொபைல் ரிப்பேர் கடை, ஒரு பேக்கரியிலிருந்து வெண்ணெய் வாசனை. காபி ஏறக்குறைய 4 யூரோ சொன்னார்கள். குளிருக்காக வாங்கிக்கொண்டேன்.

இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடந்தால் பின்ஸ் பாலம். கீழே ராயல் கால்வாய். கரையோரப் பெஞ்சில் வெண்கலத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு பறவை. பிரெண்டன் பீஹன். நான் தேடிப் போகிற ரஸ்ஸல் தெருவில் வளர்ந்தவர். 13 வயதில் பள்ளியை விட்டுவிட்டுப் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனவர். 16 வயதில் லிவர்பூலில் வெடிபொருளோடு பிடிபட்டுச் சிறார் சிறைக்குப் போய், அந்த நாட்களை 1958-இல் 'பார்ஸ்டல் பாய்' என்று புத்தகமாக்கியவர். அவர் பக்கத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து காபியை முடித்தேன்.

கால்வாய்க் கரையோடு இன்னும் ஐந்தாறு நிமிடம் நடந்ததும் ரஸ்ஸல் தெரு. கால்வாய்க்கு அந்தப் பக்கம் 82,000 பேர் கொள்ளக்கூடிய குரோக் பார்க் மைதானம், ஒரு மலை மாதிரி. இந்தப் பக்கம், அதன் நிழல் விழுகிற தூரத்தில், பீஹன் சதுக்கம் என்ற சிறிய வளாகம். கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கிறது: ஃபைட்டிங் வேர்ட்ஸ்.

இந்த எழுத்து மையத்தை 2009-இல் நாவலாசிரியர் ராடி டாய்லும் ஷான் லவ் என்பவரும் தொடங்கினார்கள். டாய்ல் 1993-இல் புக்கர் பரிசு வாங்கியவர்; அதற்கு முன்பு வடக்கு டப்ளினில், கில்பாரக் பகுதிப் பள்ளியில் ஆங்கிலமும் புவியியலும் சொல்லிக்கொடுத்த வாத்தியார். சான் பிரான்சிஸ்கோவில் டேவ் எக்கர்ஸ் என்ற எழுத்தாளரும் நினிவே கலெகாரி என்ற ஆசிரியையும் 2002-இல் தொடங்கிய '826 வலென்சியா' எழுத்து மையத்தைப் பார்த்து வந்த யோசனை. நன்கொடையும் மானியமும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை யாருக்கும் கட்டணம் இல்லை. உள்ளே போனதும் என் கண் கட்டணப் பலகையைத்தான் தேடியது. சுவரில் குழந்தைகளின் படங்களும் புத்தகங்களும் இருந்தன. பலகை இல்லை. வந்திருந்த வகுப்பாசிரியையிடமும் கேட்டேன். பஸ் செலவு மட்டும்தான் என்றார்.

முன்னறையில் பிள்ளைகள் கோட்டைக் கழற்றி மாட்டினார்கள். ஈரக் கம்பளி வாசனை. எதிரே ஒரு புத்தக அலமாரி. அதற்கு ஒரு மந்திரச் சொல் உண்டு. எல்லோரும் சேர்ந்து கத்தினால் அலமாரியே கதவாகத் திறக்கிறது. முதல் தடவை கத்தியபோது திறக்கவில்லை. "இன்னும் சத்தமா!" என்றார் நடத்துகிற பெண். இரண்டாவது தடவை என் காது அடைத்துப்போனது. அலமாரி நகர்ந்தது. உள்ளே வெளிச்சமான பெரிய அறை, திரை, தாழ்வான மேசைகள்.

குழந்தைகள் தரையில் உட்கார்ந்தார்கள். 26 பேர், எண்ணினேன். ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னால். அவர் தட்டச்சு செய்வது திரையில் தெரிகிறது. இன்னொருத்தர் படம் வரைய. இவர்களைத் தவிர ஐந்து தன்னார்வலர்கள். காவல்துறைச் சரிபார்ப்பு முடியாமல் யாரையும் குழந்தைகளோடு உட்காரவிடுவதில்லை. இந்தக் கட்டடத்தில் எங்கேயோ ஒரு சிடுமூஞ்சிப் பதிப்பாளர் இருக்கிறாராம், குழந்தைகளின் கதைகளே அவருக்குப் பிடிக்காதாம், மத்தியானத்துக்குள் அவருக்கு ஒரு புதுக் கதை தந்தாக வேண்டுமாம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிப் பேர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

விதி ஒன்றுதான்: ஏற்கெனவே சினிமாவிலோ புத்தகத்திலோ இருக்கிற ஆள் வரக் கூடாது. பிறகு நான்கு கேள்விகள். நாயகன் யார்? நண்பன் யார்? நாயகனுடைய மிகப் பெரிய ஆசை என்ன? மிகப் பெரிய பயம் என்ன? கைகள் உயர்ந்தன. பேசும் முள்கரண்டி, கண்ணில்லாத டிராகன், பாட்டியின் செயற்கைப் பல். ஓட்டெடுப்பில் ஜெயித்தது, ரோட்டில் வைக்கிற ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கோன். நண்பன், உயரத்தைக் கண்டால் நடுங்குகிற ஒரு கடற்பறவை. கோனுக்கு என்ன ஆசை? ஆட்ட நாளில் குரோக் பார்க் மைதானத்துக்கு உள்ளே போய் உட்கார வேண்டும்; எப்போதும் வெளியே நின்று கார்களுக்கு வழிகாட்டியே அலுத்துவிட்டது. பயம்? முன்வரிசையில் கண்ணாடி போட்ட பெண் சொன்னாள்: "ராத்திரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவாங்க இல்ல, அது. அப்ப இருட்டாயிடும்."

அறை ஒரு நொடி சத்தமில்லாமல் இருந்தது. ஓட்டே எடுக்கவில்லை. அது திரையில் ஏறியது.

அதிலிருந்து நான் தட்டச்சு செய்பவரின் விரலையே கவனித்தேன். என் சந்தேகத்துக்கு விடை அங்கேதானே இருக்கிறது. ஒரு பையன் ஒரு வாக்கியம் சொன்னான், சிக்கலான வாக்கியம், பாதியில் எழுவாய் மாறிவிட்டது. நானாக இருந்தால் வாய் தானாகத் திருத்தியிருக்கும். அவர் அப்படியே அடித்தார். திரையில் பார்த்துவிட்டுப் பையனே "இல்ல, இருங்க" என்றான். மாற்றினான். மறுபடியும் மாற்றினான். நடத்துகிற பெண் இன்னொன்றும் செய்தார்: ஒவ்வொரு பத்தி முடிந்ததும் முதலிலிருந்து உரக்கப் படித்துக்காட்டினார். காதில் உறுத்திய இடத்தை அவர்களே பிடித்தார்கள். கோனும் பறவையும் மைதானத்தின் சுற்றுச்சுவர் மேல் ஏறி நிற்கிறார்கள், காவலாளியின் டார்ச் வெளிச்சம் நெருங்குகிறது. அங்கே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். "மீதி உங்க வேலை" என்று சொல்லி ஆளுக்கொரு பென்சில்.

இங்கேதான் கை வைப்பார்கள் என்று எழுந்து மேசை மேசையாக நடந்தேன். மேசைக்கு ஒரு பெரியவர். மண்டியிட்டு, குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்திருந்தார்கள். பென்சில் பெரியவர் கையில் இருந்தது ஒரே ஒரு மேசையில். கிட்டப் போனேன். எழுதச் சிரமப்படுகிற ஒரு சிறுமி சொல்லச் சொல்ல, நரைத்த தலை ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். 'இருட்டு' என்ற சொல்லோடு அவள் இலக்கணம் ஒப்புக்கொள்ளாத விதத்தில் இரண்டு மிகைச் சொற்களை ஒட்டினாள். இரண்டையும் எழுதினார். எழுதி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் தலையசைத்தாள்.

நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு பையனைக் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை. இப்போதும் அவன் தாள் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் இருந்த இளம்பெண் பத்து நிமிடம் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் தவித்தேன். பிறகு மெதுவாக, "அந்தச் சுவர் மேல நிக்கிறப்ப கோனுக்கு என்ன கேக்குது?" என்றாள். பையன் யோசித்தான். தோளைக் குலுக்கினான். அவள் இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பென்சிலைத் தொட்டுவிடக் கூடாது என்பது மாதிரி. கடைசியில் அவன் எழுதினான். மூன்று வரி. அப்புறம் நிமிராமல் ஒரு பக்கம். என்ன எழுதினான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், மனசு வரவில்லை.

எழுத்துப்பிழைகள் எல்லா மேசையிலும் கண்ணில் பட்டன. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிவப்பு மைப் பேனாவைத் தேடின. அப்போது ஒரு முகம் ஞாபகம் வந்தது. பல வருஷம் முன்பு, ஏழாம் வகுப்பில் ஒரு பையன், 'மழைக்காலம்' என்ற கட்டுரை. 'மழை மொதல்ல எங்க வீட்டுக்குள்ள வந்துட்டு அப்புறமாத்தான் தெருவுக்குப் போவும்' என்று எழுதியிருந்தான். நான் அந்த வரியைச் சுழித்து, 'பேச்சுவழக்கு' என்று ஓரத்தில் எழுதி, பத்துக்கு நாலு போட்டேன். அடுத்த கட்டுரையிலிருந்து அவன் நோட்ஸில் இருப்பதையே எழுதினான். நான் பத்துக்கு எட்டு போட்டேன். கூரை ஒழுகுகிற வீட்டைப் பற்றி அந்தப் பையனைவிட நன்றாக எழுதியவர் யாரையும் என் வகுப்பில் நான் பார்க்கவில்லை. அதை அவனிடம் சொல்லவே இல்லை.

பன்னிரண்டு மணிக்குப் புத்தகங்கள் தயார். அச்சிட்ட பக்கம், பென்சில் பக்கம், வரைந்த படம், பின்னட்டையில் புகைப்படம். பதிப்பாளரின் ஒப்புதலும் வந்துவிட்டது. முணுமுணுப்போடுதான். நீல ஸ்வெட்டர் பையன் தன் புத்தகத்தைப் பைக்குள் போடவில்லை. கோட்டுக்குள், மார்போடு வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டான்.

பள்ளி விட்ட பிறகு பதின்ம வயதினர் வருவார்கள் என்றார்கள். காத்திருந்தேன். அதே அறைதான், ஆனால் மந்திரச் சொல் இல்லை, ஓட்டு இல்லை, தலைப்பும் யாரும் தரவில்லை. பையைப் போட்டார்கள், பிஸ்கட் எடுத்தார்கள், எழுத உட்கார்ந்தார்கள். சிலர் லேப்டாப்பில், சிலர் நோட்டில். தன்னார்வலர்கள் சும்மா இருந்தார்கள், கூப்பிட்டால் போனார்கள். இப்படி எழுதியவர்களின் நாடகங்கள் 1904-இல் திறந்த அபே தியேட்டர் வரை போயிருக்கின்றன என்பது முன்பே தெரியும். அதைவிட என் கண்ணில் நின்றது ஜன்னலோரம் இருந்த பதினாறு வயதுப் பெண். எதை எழுதுகிறாய் என்று கேட்டேன். "இன்னும் யார்கிட்டயும் காட்டல" என்றாள். எத்தனை நாளாக வருகிறாய்? "போன வருஷத்திலேருந்து." ஒரு வருஷமாக ஒருத்தரும் காட்டு என்று கேட்கவில்லையா? இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி நோட்டில் குனிந்தாள்.

அறையில் பேனா உரசுகிற சத்தமும் வெளியே ரயில் போகிற சத்தமும்தான். தமிழ்நாட்டில் எந்த ஊர் நூலகத்திலும் இப்படி ஒரு மேசை போட இடம் இருக்கிறது. மேசையும் நாற்காலியும்கூட இருக்கின்றன. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரத் தெரிந்த ஐந்து பேர் வேண்டும். நான் ஒருவனாக இருப்பேன், பழகிக்கொண்டால்.

வெளியே வந்தபோது தூறல் விட்டிருந்தது. கால்வாய்த் தண்ணீரில் மைதானம் தலைகீழாகத் தெரிந்தது. பீஹனின் பெஞ்ச் ஈரம். கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தேன். பையிலிருந்து நோட்டை எடுத்து, ஏழாம் வகுப்புப் பையனின் அந்த மழை வரியை ஞாபகத்திலிருந்து எழுதினேன். 'மொதல்ல' என்றுதான் எழுதியிருந்தான், 'போவும்' என்றுதான். அப்படியே எழுதினேன்.

பஸ் நிறுத்தத்துக்குத் திரும்ப அரைமணி நேரம் நடை. லீப் கார்டைத் தட்டினேன். காலையில் போட்ட 90 நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. இன்னொரு 2 யூரோ.