ஓசைக்கும் உரியவர் உண்டு

"சாமி, நான் ஓசை விற்கிறேன்" என்று அந்த இளைஞன் சொன்னபோது நான் நகைத்துவிட்டேன். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாயிருந்து வேலையிழந்தவன் அவன். மழையும் காற்றும் சும்மா கிடைக்க, ஓசையைக் காசு கொடுத்து வாங்குவார் யார் என்று கேட்டேன்.

அவன் பொறுமையாய் விளக்கினான். திரைப்படத்தில் நாம் கேட்கும் காலடியோசையும் கதவோசையும் பெரும்பாலும் பின்னர்ச் சேர்க்கப்படுபவையாம். படமெடுப்போர் அவற்றை இணையத்தில் தொகுப்பாக வாங்குகின்றனர். பி.பி.சி. நிறுவனம் தன் பழைய ஒலிப்பதிவுகளில் 16,000-க்கும் மேற்பட்டவற்றை 2018-இல் இணையத்தில் வைத்தது. கல்விக்கும் சொந்த உபயோகத்துக்கும் இலவசம், வாணிகத்துக்குக் கட்டணம்.

இவனும் ஒலிவாங்கிக்குக் காற்றுப்படாமல் உறையிட்டு, ஷிப்டு மாறும் சங்கு, வாலாஜாபாத் சாலையில் அணிவகுக்கும் கம்பெனிப் பேருந்துகள், ஏரிக்கரைத் தவளைகள் என்று பதிந்து, ஒவ்வொன்றுக்கும் இடமும் நேரமும் குறித்து வைத்திருந்தான். ஒரே ஓசையைப் பலருக்கு விற்கலாம். வாங்கியவர் பயன்படுத்தலாம், ஆனால் அதை அப்படியே மறுபடி விற்கலாகாது.

கேட்கக் கேட்க என் நகைப்பு அடங்கிற்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. எத்தனையோ நாடுகளில் மணியடித்த கைபேசிகள் உருவான அந்தக் கூடத்தின் ஓசை, அங்கு உழைத்தவர்களின் நெஞ்சில் நிற்கிறது. ஓசையும் மறைந்துபோகும் பொருளே.

கடைசியில் தயங்கியவாறு ஒன்றைக் கேட்கச் செய்தான். எங்கள் கல்லறைத் தோட்டத்தில், விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவரின் கதறல்! கோவில் மணியைப் பதியப் போனவனுக்கு அது தானாய் வந்து சேர்ந்திருந்தது.

"இதற்குத்தான் நல்ல விலை கிடைக்கும், சாமி. முகம் தெரியாதே. விற்றால் பாவமா?"

அந்த அடக்கத்தை நிறைவேற்றியவன் நானே. செபங்களை விரைவாய் முடித்துவிட்டு அடுத்த அலுவலுக்கு ஓடியவன். அக்கதறலை நான் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தீர்ப்புச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. "அந்த அம்மாவிடமே கேட்போம்" என்றேன்.

அன்று மாலையே சென்றோம். அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அது என் பிள்ளைக்காக அழுதது, தம்பி. மற்றவர் படத்துக்கு எதற்கு?" என்றார். அவன் அவர் கண்முன்னே அதை அழித்தான். அதன்பின் அவர் மகனைப் பற்றிப் பேசினார். இருவரும் இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, கருவி கேட்டதைக் குருவாகிய நான் கேட்கத் தவறினேன். இப்போதெல்லாம் அடக்கம் முடிந்தாலும், கல்லறையருகே கடைசியாய் நிற்பவர் புறப்படும்வரை நானும் நிற்கிறேன்.